வினாடியைக் கூறுபோட்ட மருத்துவர்

சினிமாவின் தந்தை யார் என்று நம் மாணவர்களைக் கேட்டால், அமெரிக்காவின் எடிசன் என்பார் சிலர். பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் என்பார் பலர். இருசாரார் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆயினும் அவர்களுக்கு முன்னரே, இயங்குகின்ற பொருளை வினாடிக்கு எத்தனை முறை படம் எடுக்க வேண்டும், ஒவ்வொரு படத்திலும் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்னும் இரு கேள்விகளோடு ஆண்டுக்கணக்கில் போராடியவர் ஒருவர் உண்டு. அவர் படக்கலைஞர் அல்லர்; மருத்துவர். எத்தியென் ஜூல் மாரே என்பது அவர் பெயர்.

இன்று நம் விடுதிகளில் தீப்பெட்டியளவு ஆக்‌ஷன் கேமராக்கள் பெருகிவிட்டன. சைக்கிளில் பொருத்துகிறோம், தலைக்கவசத்தில் கட்டுகிறோம், கபடி மைதானத்தின் ஓரத்தில் நட்டு வைக்கிறோம். கருவியைத் திறந்தவுடன் அது நம்மைக் கேட்பவையும் அதே இரு கேள்விகள்தாம். ரெசல்யூஷன் என்ன? ஃபிரேம் ரேட் என்ன? பெரிய எண்ணே நல்ல எண் என்று கொண்டு இரண்டையும் உச்சத்தில் வைப்பவரே நம்மிடையே மிகுதி. மாரேயின் வாழ்க்கையை அறிந்தவர் அவ்வாறு செய்ய ஒருகணம் தயங்குவர் என்பது என் எண்ணம். அதற்கான காரணத்தைச் சொல்லவே அவர் வரலாற்றை இங்கே எழுதத் துணிந்தேன்.

மாரே 1830-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள் பிரான்சு நாட்டின் பர்கண்டி வட்டாரத்தில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த போன் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் அவர் உள்ளம் பொறியியலையே நாடியது. தந்தையோ மகனை மருத்துவனாகக் காண விரும்பினார். தந்தையின் விருப்பமே வென்றது. 1849-இல் பாரிசுக்குச் சென்று மருத்துவம் பயின்றார்; 1859-இல் குருதி ஓட்டத்தைப் பற்றிய ஆய்வுக்காகப் பட்டமும் பெற்றார். ஆனால் உள்ளே இருந்த பொறியாளர் உறங்கிவிடவில்லை. உடலும் ஓர் இயந்திரமே. அதன் அசைவுகளை அளக்கக் கருவி வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது.

அக்காலத்தில் மருத்துவர் நோயாளியின் மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்தார். விரல் உணர்ந்தது விரலோடு போயிற்று. இன்னொருவருக்கு அதைக் காட்ட வழியில்லை. 1860-ஆம் ஆண்டையொட்டி மாரே ஒரு சிறு கருவியை அமைத்தார். அதை மணிக்கட்டில் கட்டினால், நாடியின் துடிப்பு ஒரு மெல்லிய நெம்புகோலை அசைக்கும். அந்த நெம்புகோலின் நுனி, புகைக்கரி படிந்த தாளின்மேல் கோடு வரையும். நாடி தானே தன் கையெழுத்தைப் போட்டது என்று சொல்லலாம். மாரேயின் வாழ்நாள் கொள்கை இதில் அடங்கியிருந்தது. மனிதப் புலன்களை நம்பாதே. இயக்கம் தன்னைத்தானே எழுதட்டும்.

நாடியிலிருந்து அவர் இதயத்துக்குப் போனார். இதயத்திலிருந்து தசைக்கும், தசையிலிருந்து நடைக்கும் சிறகுக்கும் போனார். ஈயின் சிறகு நுனியைச் சுழலும் கரித்தாளில் தொடவைத்து, அது வினாடிக்கு 330 முறை அடிப்பதாகக் கணக்கிட்டார். குளவியின் சிறகு நுனியில் பொன் தகட்டுத் துணுக்கை ஒட்டி, அது காற்றில் 8 என்ற எண்ணின் வடிவத்தை வரைவதைக் கண்டார். பறவைகளையும் எண்ணினார்: சிட்டுக்குருவி வினாடிக்கு 13 முறையும், புறா 8 முறையும் சிறகடிப்பதாகக் குறித்தார். இந்த எண்கள் பின்னர் நமக்குத் தேவைப்படும்.

குதிரையையும் அவர் விடவில்லை. குளம்புகளின் அடியில் ரப்பர்ப் பந்துகளைப் பொருத்தி, அவற்றிலிருந்து குழாய்களைச் சவாரி செய்பவரின் கையிலிருந்த பதிவுக் கருவிக்குக் கொண்டுபோனார். குளம்பு நிலத்தில் பட்டால் காற்று அழுந்தும், கோடு எழும். அவ்வாறு, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு என்று கோடுகளைக் கொண்டே காட்டினார். 1873-இல் வெளிவந்த அவருடைய விலங்கு இயக்க நூல் மறு ஆண்டே ஆங்கிலத்தில் வந்தது. கலிபோர்னியாவின் பெருஞ்செல்வரும் குதிரைப் பித்தருமான லேலண்ட் ஸ்டான்போர்டு அந்நூலைப் படித்தார். விளைவு என்ன?

ஸ்டான்போர்டின் பொருளுதவியுடன் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற நிழற்படக்காரர் 1878-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாலோ ஆல்டோவில் 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். ஓடும் குதிரை குறுக்கே கட்டிய நூல்களை ஒவ்வொன்றாக அறுக்க, கேமராக்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. மாரே கோடுகளால் சொன்னதை மைபிரிட்ஜ் படங்களால் மெய்ப்பித்தார். கால்களை முன்னும் பின்னும் நீட்டிப் பறப்பதுபோல் ஓவியர்கள் காலங்காலமாகத் தீட்டி வந்த குதிரை பொய்யாயிற்று. நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழுவது, அவை வயிற்றின் கீழ் மடங்கியிருக்கும்போதுதான்.

இப்படங்களைப் பாரிசின் அறிவியல் ஏடு ஒன்றில் கண்ட மாரே வியந்து போனார். 1878 டிசம்பரில் அவ்வேட்டுக்குக் கடிதமும் எழுதினார். பறக்கும் பறவைகளை இவ்வாறு எடுக்க முடியுமா என்பதே அவர் ஆவல். 1881-இல் மைபிரிட்ஜ் பாரிசுக்கு வந்தபோது பறவைப் படங்களையும் கொண்டுவந்தார். மாரே மகிழ்ந்து வரவேற்றார். ஆனால் படங்களைப் பார்த்து ஏமாற்றம் அடைந்தார். பறவை நூலை அறுத்துக்கொண்டு நேர்வழியில் பறக்குமா? ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு காலம் சென்றது என்பது தெரியவில்லை. காலம் தெரியாத படம் மாரேக்கு வெறும் ஓவியமே. அழகு இருந்தும் அளவு இல்லை.

அப்போதுதான் அவர் தாமே கேமரா செய்ய முற்பட்டார். 1882-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குளிர்காலத்தைக் கழிக்கச் சென்றிருந்த நேப்பிள்சில், துப்பாக்கி வடிவில் ஒரு கேமராவைப் பயன்படுத்தினார். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததைப் படம்பிடிக்க வானியலார் ஜான்சென் அமைத்த கருவி இதற்கு வழிகாட்டி. குழலில் லென்ஸ், பின்னே சுழலும் கண்ணாடித் தட்டு, விசையை இழுத்தால் வினாடிக்கு 12 படங்கள். கையில் துப்பாக்கியோடு கடற்கரையில் நின்று கடற்காக்கைகளைக் குறிபார்த்து, ஒன்றையும் வீழ்த்தாமல் திரும்பும் இந்த மனிதரை அக்கம்பக்கத்தார் பைத்தியக்காரர் என்று எண்ணினர் என்று ஒரு கதை வழங்குகிறது.

அன்பர்களே, இத்துப்பாக்கியின் இரண்டு எண்களைச் சற்று உற்று நோக்குங்கள். வினாடிக்கு 12 படம். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழுந்த நேரம் 720-இல் ஒரு பங்கு வினாடி. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை மாரே தெளிவாக உணர்ந்திருந்தார். எத்தனை படம் என்பது இயக்கத்தின் கதையைச் சொல்கிறது; ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் ஒளியை வாங்கியது என்பது அந்தப் படத்தின் தெளிவை முடிவு செய்கிறது. வினாடிக்கு 8 மீட்டர் ஓடும் ஒருவரை 60-இல் ஒரு பங்கு வினாடி ஒளியில் எடுத்தால், அதற்குள் அவர் 13 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார், படம் மெழுகிவிடும். 720-இல் ஒரு பங்கில் அவர் நகர்வது ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். படம் நிற்கும்.

ஆனால் இந்த வேகத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. மொத்தத்தில் ஒரு வினாடியில் தட்டு ஒளியைக் கண்டது 60-இல் ஒரு பங்கு நேரமே. படமோ அஞ்சல்தலை போலச் சிறியது. பறவை ஒரு கருநிழலாக விழுந்தது. இறகின் விவரம் இல்லை. அத்துடன் 12 என்ற எண்ணும் எல்லாப் பறவைக்கும் போதாது. மெல்லச் சிறகடிக்கும் கடற்காக்கைக்கு அது போதும். வினாடிக்கு 13 முறை சிறகடிக்கும் சிட்டுக்குருவியை 12 படத்தில் எடுத்தால், ஓர் அடிப்புக்கு ஒரு படம்கூடக் கிடைக்காது. திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுபோன்ற பொய்யே கிடைக்கும்.

1882-லேயே பாரிசின் புறத்தே, போலோன் காட்டையொட்டி, அரசும் நகராட்சியும் உதவ, மாரேயின் உடலியல் நிலையம் அமைந்தது. 500 மீட்டர் வட்டப்பாதை. நடுவே ஆய்வுக் கூடங்கள். உதவிக்கு ஜார்ஜ் தெமெனி என்ற ஊக்கமிக்க இளைஞர். 1870-71 போரில் தோற்றிருந்த பிரான்சு, தன் படைவீரர் எவ்வாறு நடந்தால் களைப்புக் குறையும் என்று அறிய விரும்பியது. ஆகவே இங்கே செய்த ஆராய்ச்சி விளையாட்டன்று.

இங்கே மாரே துப்பாக்கியை விட்டுவிட்டு வேறு முறையை மேற்கொண்டார். ஒரே கண்ணாடித் தட்டு. அதன் முன் துளைகளோடு சுழலும் வட்டு. கரிய பின்னணியின் முன் வெள்ளை உடையணிந்த மனிதன் நடப்பான். வட்டின் துளை வரும்போதெல்லாம் அவன் உருவம் அதே தட்டில் வேறு வேறு இடங்களில் பதியும். ஒரு தட்டிலேயே நடை முழுவதும் விரிந்து நிற்கும். இடமும் காலமும் ஒருங்கே அளவில் வந்தன.

ஆனால் இங்குதான் பெரிய முட்டுக்கட்டை எழுந்தது. நடையை நுணுகி அறியப் படங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். கூட்டினாலோ, ஓர் உருவத்தின்மேல் அடுத்த உருவம் ஏறிக்கொள்கிறது. கை எது, கால் எது என்று தெரியாத வெள்ளைக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. விவரம் வேண்டுமென்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். எண்ணிக்கை வேண்டுமென்றால் விவரத்தைக் குறைக்க வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைக்கா.

மாரே என்ன செய்தார் தெரியுமா? விவரத்தைத் துணிந்து துறந்தார். நடப்பவனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை கரிய உடை அணிவித்தார், முகத்தையும் மறைத்தார். கை, கால்களின் நீளவாட்டில் வெண்கோடுகளையும், மூட்டுகளில் வெண்புள்ளிகளையும் மட்டும் இட்டார். தட்டில் மனிதன் மறைந்தான். முகம் இல்லை, உடை இல்லை, தசை இல்லை. மிஞ்சியவை சில கோடுகளும் புள்ளிகளுமே. ஆனால் உருவங்கள் ஒன்றையொன்று மறைக்காததால் படங்களின் எண்ணிக்கையைப் பன்மடங்கு உயர்த்த முடிந்தது. முழங்கால் எப்போது மடிகிறது, குதிகால் எப்போது எழுகிறது என்ற கதை முழுவதும் அக்கோடுகளில் வந்து நின்றது.

மாரேயின் வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். அழகான படத்தை எடுக்கும் வல்லமை உடையவர், அறிய வேண்டியதற்காக அழகை விட்டுக்கொடுத்தார். கண்டுபிடிப்பு கேமராவில் மட்டும் நிகழவில்லை; எது வேண்டாம் என்று முடிவு செய்ததிலும் நிகழ்ந்தது. இன்று திரைப்படங்களிலும், நடை மருத்துவத்திலும், விளையாட்டு ஆய்வுக்கூடங்களிலும் உடலில் ஒளிப்புள்ளிகளை ஒட்டி அசைவைப் பதிவு செய்கிறார்களே, அதன் மூலம் இந்தக் கரிய உடையே.

ஆயினும் எல்லாக் கேள்விக்கும் கோடுகள் போதுமா? குதிரைக்கும் பறவைக்கும் கரிய சட்டை போட முடியுமா? ஓரிடத்தில் நின்றபடி அசையும் பொருளை ஒரே தட்டில் எப்படிப் பிரிப்பது? ஆகவே படங்களைத் தனித்தனியே பிரிக்க 1888-இல் நகரும் காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். வினாடிக்கு 20 படம் எடுத்து அவ்வாண்டு அக்டோபரில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். 1890-இல் செல்லுலாய்டுச் சுருளுக்கு மாறினார். 1889-இல் பாரிசுக் கண்காட்சிக்கு வந்த எடிசன், மாரேயைச் சந்தித்து இச்சுருள் முறையைக் கண்டு சென்றார்.

1894-இல் மாரே கழகத்தாரிடம் காட்டிய படம் ஒன்று பெரும் சலசலப்பை எழுப்பிற்று. ஒரு பூனையின் கால்களைப் பிடித்து, முதுகு கீழாக வைத்து, கைவிட்டார். அது நடுவானில் திரும்பிக் கால்களால் நிலத்தைத் தொட்டது. பூனை அப்படித்தான் விழும் என்பது நம் பாட்டிக்கும் தெரியும். ஆனால் பற்றுக்கோடு ஏதுமின்றி வானில் ஓர் உடல் தானே திரும்ப முடியுமா என்பது அறிஞர்களின் ஐயம். விடும் கையையே பூனை உதைத்துக்கொண்டு திரும்புகிறது என்று அவர்கள் நம்பினர். மாரேயின் படங்களோ, முதலில் சுழற்சியே இல்லை என்று காட்டின. உடலின் முன்பாதி ஒரு முறையும் பின்பாதி மறுமுறையுமாக, கால்களை மடக்கியும் நீட்டியும் பூனை தன்னைத் திருப்பிக்கொள்கிறது.

இதை அவர் எடுத்த வேகம் வினாடிக்கு 60 படம். ஏன் 60? ஐந்தடி உயரத்திலிருந்து விழும் பொருள் நிலத்தை அடைய அரை வினாடிக்குச் சற்றே கூடுதலாகும். துப்பாக்கியின் 12-ஐக் கொண்டு எடுத்திருந்தால் ஆறு ஏழு படங்களே கிடைத்திருக்கும். திருப்பத்தின் இரகசியம் இரு படங்களின் இடைவெளியில் மறைந்திருக்கும். 60-இல் முப்பதுக்கு மேற்பட்ட படங்கள் கிடைத்தன. கேள்வியே எண்ணைத் தீர்மானித்தது. அவருடைய அளவுகோல் இவ்வளவே. காக்கைக்கு 12, பூனைக்கு 60. பூச்சியின் சிறகுக்கோ 25,000-இல் ஒரு பங்கு வினாடி ஒளியே போதுமென்று அவர் இறங்கியும் போனார்.

அதே 1894-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு பிரிவும் நிகழ்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தோளோடு தோள் நின்ற தெமெனி நிலையத்தை விட்டு விலக நேர்ந்தது. அசையும் படங்களை மக்களுக்குக் காட்ட வேண்டும், அதில் வணிகமும் செய்யலாம் என்பது தெமெனியின் விருப்பம். பேசும் ஒருவரின் முகத்தை எடுத்து, உதட்டசைவைக் காதுகேளாதோருக்குக் காட்டும் கருவியையும் அவர் அமைத்திருந்தார். மாரேக்கு இதில் நாட்டம் இல்லை. கண் காண்பதையே காண்கிற வேகத்தில் மீண்டும் காட்டுவதால் அறிவு வளராது; விரைவானதை மெதுவாக்கியோ, மெதுவானதை விரைவாக்கியோ காட்டினால்தான் பயன் என்பது அவர் கருத்து.

யார் செய்தது சரி? எனக்குத் தோன்றுவது இதுதான்: இருவரும் வேறு வேறு கேள்வி கேட்டனர். 1895-இல் லூமியேர் சகோதரர்கள் வினாடிக்கு ஏறத்தாழ 16 படத்தோடு திரைக்கு வந்தபோது, மக்களை மகிழ்விக்க அந்த எண் போதுமானதாய் இருந்தது. பின்னர் ஒலி வந்தபோது 24 நிலைபெற்றது. பூனையின் திருப்பத்துக்கு 16 போதாது; திரையரங்கில் அமர்ந்திருப்பவருக்கு 60 அன்று தேவையில்லை. இதை உணர்ந்திருந்தால் ஆசிரியரும் மாணவரும் பிரியாமலே இருந்திருக்கலாம். உணராததன் இழப்பு இருவருக்கும் உண்டு.

இனி நம் கையிலுள்ள கருவிக்கு வருவோம். 4கே என்பது 3840-க்கு 2160. ஒரு படத்தில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். 1080 என்பது 1920-க்கு 1080. அதில் கால் பங்கு. 4கே-யில் வினாடிக்கு 60 படம் எடுப்பதும், 1080-இல் வினாடிக்கு 240 படம் எடுப்பதும் புள்ளிக் கணக்கில் ஒன்றே! ஒரே செல்வத்தை இருவகையில் செலவிடுகிறோம். மாரேயின் கண்ணாடித் தட்டில் நின்ற அதே முட்டுக்கட்டை நம் சட்டைப்பையிலும் இருக்கிறது.

ஆகவே முதலில் கேள்வியைக் கேளுங்கள். நம் சங்கத்தின் பொங்கல் விழா மேடையில் நடக்கும் நாட்டியத்துக்கு முகபாவமும் அணிமணியும் வேண்டும்; 4கே-யும் வினாடிக்கு 25 படமும் தகும். பந்து வீச்சாளர் கோட்டைத் தாண்டினாரா என்று அறிய வேண்டுமா? வினாடிக்கு 8 மீட்டர் செல்லும் ஒருவர், 30 படத்தில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 27 சென்டிமீட்டர் கடந்துவிடுவார். 240-இல் மூன்று சென்டிமீட்டர்தான். அங்கே நுணுக்கத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள். சைக்கிளிலும் ஓட்டத்திலும் வழிநெடுக எடுப்பதற்கு 60 நல்ல நடுவழி. பின்னர்ப் பாதி வேகத்தில் ஓட்டிப் பார்க்கவும் இடமுண்டு.

ஒளியையும் மறவாதீர்கள். 240 படம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 240-இல் ஒரு பங்கு வினாடிக்கு மேல் ஒளி கிடைக்காது. 30 படத்துக்குக் கிடைக்கக்கூடியதில் எட்டில் ஒரு பங்கே அது. மூடுபனி மண்டிய மாலையில் அவ்வாறு எடுத்தால் படம் புள்ளி புள்ளியாய்ச் சிதறும். உள்ளரங்கில் இன்னொன்றும் உண்டு. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. விளக்குகள் பலவும் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. அங்கே 25 அல்லது 50 படமும், 50-இல் அல்லது 100-இல் ஒரு பங்கு வினாடி ஒளியும் வைத்தால் படம் மினுக்காது. மாரே கதிரவனை நம்பி வேலை செய்தார். நாம் குழல்விளக்கோடு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது.

மாரே இறுதிவரை ஓயவில்லை. காற்றின் ஓட்டத்தைக் காண, மெல்லிய புகையிழைகளை வரிசையாக விட்டு, தடையின்மேல் அவை மோதிப் பிரிவதைப் படமெடுத்தார். 1904 மே மாதம் பாரிசில் தம் 74-ஆம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த அதே ஆண்டில் பிறந்த மைபிரிட்ஜும் அதே மாதத்தில்தான் உயிர் நீத்தார். ஒருவர் குதிரையின் கால்களை உலகுக்குக் காட்டினார். மற்றவர் அக்கால்களுக்கிடையே சென்ற காலத்தை அளந்தார்.

பெருங்கருவிகள் இல்லாத காலத்தில், கரித்தாளையும் கண்ணாடித் தட்டையும் கரிய சட்டையையும் கொண்டு அவர் கண்டவை பல. நம் கையில் இருப்பதோ அவர் கனவிலும் காணாத கருவி. பொத்தானை அழுத்துமுன், எதைக் காண விரும்புகிறோம் என்று ஒருமுறை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அந்த மருத்துவருக்கு மாணவராகிய நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.